முதல் குறையாத வாழ்வு
(தற்சார்பும் நிலைத்த வாழ்க்கை முறையும் – ஒரு விளக்கம்)

சிங்கப்பூரின் மிகப் பழமையான இந்து ஆலயமான ஸ்ரீ மாரியம்மன் ஆலயம் சவுத் பிரிட்ஜ் சாலையில் அமைந்திருப்பதை நாம் அனைவரும் அறிவோம். அது ஏன் அந்த இடத்தில் அமைந்தது என்பதை நம்மில் பலர் அறிந்திருக்க வாய்ப்பில்லை.

1819ஆம் ஆண்டு சர் ஸ்டாம்ஃபர்ட் ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து இத்தீவுக்கு வந்தவர் நாராயண பிள்ளை. இங்கு குடியேறிய இந்துக்கள் வழிபட ஓர் ஆலயம் வேண்டும் என்று அவர் முயன்றபோது, முதலில் தெலுக் ஆயர் தெருவில் ஓர் இடம் ஒதுக்கப்பட்டது. அந்நாளில் அது கடலோரம். 'தெலுக் ஆயர்' என்ற மலாய்ப் பெயருக்கே நீர் வளைகுடா என்றுதான் பொருள். ஆயினும் அபிஷேகத்துக்கும் பூசைக்கும் வேண்டிய நன்னீர் அங்கே வசதியாகக் கிடைக்கவில்லை. எனவே அந்த இடம் வேண்டாம் என்று முடிவாயிற்று. அடுத்துக் கிடைத்த இடமும் நகரத் திட்டத்தின் காரணமாகக் கைகூடவில்லை. 1823இல் இன்றைய இடம் கிடைத்து, 1827இல் மரத்தாலும் அத்தாப்புக் கூரையாலும் எளிய ஆலயம் ஒன்று எழுந்தது.

மாரி என்றால் மழை. மழையைத் தாயாகக் கண்டு வணங்கும் மரபில் வந்த நம் முன்னோர், புதிய மண்ணில் கோயில் கட்டத் தொடங்கியபோது முதலில் கேட்ட கேள்வி "இங்கே நீர் உண்டா?" என்பதே. பொன்னும் கல்லும் பிறகு வந்தன. இந்தத் தீவின் கதையும் ஏறத்தாழ அதே கேள்வியைச் சுற்றித்தான் இருநூறு ஆண்டுகளாக நடந்து வந்திருக்கிறது. தற்சார்பு, நிலைத்த வாழ்க்கை முறை ஆகியவற்றைப் பற்றி இக்காலத்தில் அதிகம் பேசப்படுகிறது. அவற்றின் பொருளை நமக்கு மிக அருகிலுள்ள இந்த நீரைக் கொண்டே சிந்தித்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொற்களின் பொருள்

தற்சார்பு என்றால் பிறரிடம் எதையும் வாங்காமல், எல்லாவற்றையும் நாமே விளைவித்து, நாமே செய்து கொள்வது என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியாயின், ஏறத்தாழ 735 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஒரு நகர நாட்டுக்கும், அடுக்குமாடி வீட்டில் வாழும் ஒரு குடும்பத்துக்கும் தற்சார்பு என்ற சொல்லே பொருந்தாது. உண்மையில் அச்சொல்லின் பொருள் வேறு. நமக்குக் கிடைத்த முதலை அழிக்காமல், அது தரும் பயனைக் கொண்டு வாழும் திறமையே தற்சார்பு. அந்த முதலைக் குறையாமல் அடுத்த தலைமுறைக்கு ஒப்படைப்பதே நிலைத்த வாழ்க்கை முறை. இரண்டும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள்.

இக்கருத்து நமக்குப் புதிதன்று. தமிழகத்துக் கோயில் கல்வெட்டுகளில் 'சாவா மூவாப் பேராடு' என்ற தொடர் பலமுறை வருகிறது. சாகாத, மூப்படையாத ஆடு என்பது அதன் பொருள். சாகாத ஆடு உலகில் உண்டா என்று நாம் வியக்கலாம். விளக்கம் எளியது. சோழர் காலத்தில் சன்னிதியில் அணையாமல் எரியும் நந்தா விளக்கு ஒன்றை ஏற்ற விரும்பிய அன்பர், பணமாகக் கொடுத்துவிட்டுப் போகவில்லை, ஆடுகளைக் கொடுத்தார். முதலாம் இராஜராஜன் எழுப்பிய தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் என்பது கணக்கு. பசுவானால் 48, எருமையானால் 16. அவற்றை ஏற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழ ஆடு சாகும், குட்டி பிறக்கும். ஆனால் மந்தையின் எண்ணிக்கை குறையக்கூடாது. தனி ஆடு சாகிறது, மந்தை சாவதில்லை. ஆகவே விளக்கும் அணைவதில்லை.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கல்லில் வெட்டப்பட்ட அந்த ஏற்பாட்டில் நிலைத்த வாழ்வின் இலக்கணம் முழுவதும் அடங்கியிருக்கிறது. நெய் நமக்கு; மந்தை நமக்குப் பின் வருவோருக்கும் சேர்த்து. பசியெடுத்த நாளில் மந்தையிலிருந்து ஓர் ஆட்டை அடித்துத் தின்றால் அன்றைக்கு விருந்துதான். ஆனால் விளக்கு என்றோ ஒரு நாள் அணையும்.

அதே தஞ்சாவூரில் 1892ஆம் ஆண்டு பிறந்தவர் ஜே.சி. குமரப்பா. லண்டனில் கணக்காய்வாளராகப் பயிற்சி பெற்றவர். அமெரிக்காவில் பொருளாதாரம் பயின்றவர். 1929இல் காந்தியடிகளைச் சந்தித்த பின், மேல்நாட்டு உடையையும் வருமானத்தையும் விட்டுவிட்டுக் கிராமத் தொழில்களின் வளர்ச்சிக்கே தம் வாழ்வை ஒப்படைத்தார். சமயத்தால் கிறிஸ்தவரான அவர், சிறையில் இருந்தபோது நிலைத்த பொருளாதாரம் பற்றி ஒரு நூல் எழுதினார். காந்தியடிகள் அதற்கு முன்னுரை வழங்கினார். இயற்கை வளங்களைக் குமரப்பா இரண்டாகப் பிரித்துக் காட்டினார். ஒன்று ஓடும் வளம்: மழை, வெயில், காற்று, மண்ணில் முளைக்கும் பயிர் ஆகியவை. மற்றொன்று தேங்கிய வளம்: நிலக்கரி, எண்ணெய், தாதுக்கள் ஆகியவை. முன்னது எடுக்க எடுக்க மீண்டும் வரும். பின்னது எடுக்க எடுக்கக் குறையும். தேங்கியதை நம்பி வாழும் சமுதாயம் அதற்காகப் போட்டியிடும், போரிடும். ஓடுவதை நம்பி வாழும் சமுதாயம் அமைதியாக நீடிக்கும் என்பது அவர் வாதம். கணக்குப் படித்தவரல்லவா? முதல் எது, வருமானம் எது என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. நாம் அந்தக் கணக்கை மறந்துவிட்டதுதான் இன்றைய தொல்லைகளுக்கெல்லாம் வேர்.

கிணறும் மாட்டு வண்டியும்

இனி நம் தீவுக்கு வருவோம். தொடக்க காலத்தில் இங்குள்ள மக்கள் கிணறுகளையும் ஓடைகளையும் நம்பி வாழ்ந்தனர். ஆன் சியாங் குன்றின் பக்கத்துக் கிணறுகளிலிருந்து மாட்டு வண்டிகளில் நீர் கொண்டு செல்லப்பட்டது. கிரேத்தா ஆயர் என்ற வட்டாரப் பெயருக்கு நீர் வண்டி என்பதே பொருள். அந்நாளைய மாட்டு வண்டிக்காரர்களில் பலர் தமிழர்கள். டோபி காட் என்ற பெயர், ஓடைக்கரையில் துணி வெளுத்த இந்தியச் சலவைத் தொழிலாளர்களை இன்றும் நினைவுபடுத்துகிறது.

நகரம் வளர்ந்தது, கிணறுகள் போதவில்லை. அப்போது ஒரு கொடையாளர் முன்வந்தார். டான் கிம் செங் என்ற சீன வணிகர், நகரத்து மக்கள் அனைவருக்கும் இலவசமாக நல்ல நீர் கிடைக்க வேண்டும் என்று 1857இல் 13,000 வெள்ளி நன்கொடை அளித்தார். அக்காலத்தில் அது பெருந்தொகை. எனினும் அத்தொகையைக் கொண்டு மட்டும் முடிக்கக்கூடிய பணியாக அது இருக்கவில்லை. திட்டங்கள் மாறின, ஆண்டுகள் உருண்டன. 1864இல் அவர் காலமானார். இன்று மெக்ரிச்சி என அழைக்கப்படும் முதல் நீர்த்தேக்கம் 1868இல்தான் முடிவுற்றது. 1882இல் அவர் நினைவாக ஒரு நீரூற்று அமைக்கப்பட்டது. எஸ்பிளனேட் பூங்காவில் இன்றும் அதைக் காணலாம்.

கொடை கொடுத்த கைக்கும் நீர் குடித்த வாய்க்கும் இடையே பத்து ஆண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்டன என்பது கொடையாளர்களாகிய நாம் மறக்கக்கூடாத செய்தி. கொடுப்பது அறத்தின் முதல் பாதி. கொடுத்தது உரிய காலத்தில் உரிய பயனாக மாறுகிறதா என்று பார்ப்பது அடுத்த பாதி.

இரண்டு எச்சரிக்கைகள்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பியர்ஸ், சிலேத்தார் நீர்த்தேக்கங்கள் எழுந்தன. அவையும் போதாமல், 1927இல் ஜோகூருடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளப்பட்டது. கூனோங் பூலாய் மலைப்பகுதி நீர், பாலத்தின் மீது அமைந்த குழாய் வழியாக இங்கு வந்தது. ஆண்டு முழுவதற்கும் 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் தீவு இது. நமக்கு மழை குறைவில்லை; அதைப் பிடித்து வைக்க இடம்தான் இல்லை.

1942 ஜனவரி 31ஆம் நாள், முன்னேறி வந்த ஜப்பானியப் படையைத் தடுக்க, பிரிட்டிஷ் படையினர் ஜோகூர் பாலத்தைத் தகர்த்தனர். அதனுடன் நீர்க்குழாயும் அறுந்தது. அடுத்த இரண்டு வாரங்களில் தீவின் நீர்த்தேக்கங்கள் எதிரியின் கைக்குப் போயின. குண்டுவீச்சில் நகரக் குழாய்கள் உடைந்து ஓடின. பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் சரணடைந்ததற்கு நீர்ப் பற்றாக்குறையும் ஒரு முக்கியக் காரணம் என்பது வரலாறு. பீரங்கிகள் இருந்தன, குடிநீர் இல்லை.

இரண்டாவது எச்சரிக்கை 1963இல் வந்தது. மழை பொய்த்தது, நீர்த்தேக்கங்கள் வற்றின. ஏப்ரல் மாதம் தொடங்கி ஏறத்தாழப் பத்து மாதங்களுக்கு நீர்ப் பங்கீடு நடந்தது. வட்டாரம் வட்டாரமாகக் குழாய்கள் குறிப்பிட்ட நேரங்களில் மூடப்பட்டன. கம்பங்களில் வாழ்ந்தோர் பொதுக் குழாயின் முன் வாளிகளுடன் வரிசையில் நின்றனர். 1961, 1962ஆம் ஆண்டுகளில் ஜோகூருடன் புதிய ஒப்பந்தங்கள் ஏற்பட்டிருந்தன. அவற்றுள் முன்னது 2011இல் முடிவுற்றது. பின்னது 2061ஆம் ஆண்டு வரை நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் வரை ஜோகூர் ஆற்றிலிருந்து எடுக்க இடமளிக்கிறது.

ஒரு சொட்டைப் பலமுறை பயன்படுத்துதல்

இந்த எச்சரிக்கைகளை நாடு மறக்கவில்லை. 1971இல் நீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் இயக்கம் தொடங்கியது. 1977இல் சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் ஆற்றுப் படுகையையும் பத்தே ஆண்டுகளில் தூய்மைப்படுத்த வேண்டும் என்று பிரதமர் லீ குவான் இயூ இலக்கு வகுத்தார். ஆற்றில் கழிவைக் கலந்த பன்றிப் பண்ணைகளும் வாத்துப் பண்ணைகளும் அகற்றப்பட்டன. தெருவோர உணவுக் கடைக்காரர்கள் கடை நிலையங்களுக்கு மாற்றப்பட்டனர். கரையோரத் தோணிகள் வேறிடம் சென்றன. 1987இல் பணி நிறைவேறியது. மூக்கைப் பிடித்துக்கொண்டு கடந்த அந்த ஆற்றின் முகத்துவாரத்தில் 2008இல் மரீனா அணைக்கட்டு திறக்கப்பட்டது. கடல்நீர் தடுக்கப்பட்டு, நகரத்தின் நடுவே ஒரு நன்னீர்த் தேக்கம் உருவாயிற்று. நாட்டின் பரப்பில் ஆறில் ஒரு பங்கு நிலத்தில் பெய்யும் மழை அங்கே சேர்கிறது. 1963இல் மூன்றாக இருந்த நீர்த்தேக்கங்கள் இன்று 17. தீவின் மூன்றில் இரண்டு பங்கு நிலம் நீர்ப்பிடிப்புப் பகுதியாக விளங்குகிறது.

அதனினும் பெரிய மாற்றம் 'புதுநீர்' ஆகும். பயன்படுத்திய நீரைத் தூய்மைப்படுத்தி மீண்டும் பயன்படுத்தும் எண்ணம் 1970களிலேயே தோன்றியது. 1974இல் சோதனை நிலையம் ஒன்று அமைக்கப்பட்டது. ஆனால் செலவு மிகுதியாக இருந்தது. வடிகட்டும் மென்சவ்வுகளும் அந்நாளில் நம்பத்தக்கனவாக இல்லை. முயற்சி நிறுத்தப்பட்டது. கால் நூற்றாண்டு கழிந்து தொழில்நுட்பம் முதிர்ந்தபின், 2000இல் பிடோக்கில் மாதிரி நிலையம் எழுந்தது. 2003இல் பிடோக், கிராஞ்சி நிலையங்கள் முறைப்படி திறக்கப்பட்டன.

இது நடைபெறும் முறையைச் சுருக்கமாகக் கூறலாம். நம் குளியலறையிலிருந்தும் அடுக்களையிலிருந்தும் செல்லும் கழிவுநீர், நிலத்தடிக் குழாய்கள் வழியே சுத்திகரிப்பு நிலையத்தை அடைகிறது. அங்கே தூய்மையான பின், மூன்று படிகளைக் கடக்கிறது. முதற்படியில் நுண்ணிய சவ்வு, மிதக்கும் துகள்களையும் கிருமிகளையும் தடுத்துவிடுகிறது. இரண்டாம் படியில், உப்பும் இரசாயனங்களும்கூடப் புக முடியாத அளவுக்கு நுண்ணிய சவ்வின் வழியே அழுத்தத்துடன் நீர் செலுத்தப்படுகிறது. மூன்றாம் படியில் புறஊதாக் கதிர், எஞ்சிய கிருமி ஏதேனும் இருந்தால் அதையும் அழிக்கிறது. இந்நீரில் பெரும்பகுதி தொழிற்சாலைகளுக்கும் குளிரூட்டும் அமைப்புகளுக்கும் போகிறது. ஒரு பகுதி நீர்த்தேக்கங்களில் கலந்து, மீண்டும் சுத்திகரிக்கப்பட்டு நம் குழாய்க்கு வருகிறது. நாட்டின் தேவையில் 40 விழுக்காடு வரை புதுநீரால் ஈடுசெய்ய முடியும் என்கிறது பொதுப் பயனீட்டுக் கழகம். 2005இல் துவாஸில் தொடங்கிய கடல்நீர்ச் சுத்திகரிப்பு இன்று ஐந்து நிலையங்களாக வளர்ந்து, 25 விழுக்காடு வரை தரவல்லதாக உள்ளது.

புதுநீர் வந்த காலத்தில் நம்மவர் சிலர் தயங்கினர். கழிவாகச் சென்ற நீர் மீண்டும் பூசைக்கும் குடிப்பதற்கும் உகந்ததாகுமா என்பது அவர்களின் ஐயம். அந்தத் தயக்கத்தை ஏளனம் செய்ய வேண்டியதில்லை. தூய்மையைப் போற்றும் மனத்தில் எழுந்த ஐயம் அது. ஆனால் சற்றே சிந்திப்போம். மழைநீர் எங்கிருந்து வருகிறது? எல்லா ஆறுகளும் எல்லா அழுக்குகளும் சென்று சேரும் கடலிலிருந்துதான். கதிரவன் அதை ஆவியாக்கி, அழுக்கைக் கீழே விட்டு, தூய நீராக நமக்குத் திருப்பித் தருகிறான். உலகில் உள்ள நீரெல்லாம் ஏற்கெனவே எண்ணற்ற முறை பயன்பட்ட நீரே. இயற்கை பெரிய அளவில் செய்வதை மனிதன் சிறிய அளவில் செய்யக் கற்றிருக்கிறான். மந்தையில் இறந்த ஆட்டுக்கு ஈடாக ஒரு குட்டியைச் சேர்ப்பது போன்ற செயல் இது.

வந்த சோதனையும் எஞ்சிய சார்பும்

2014ஆம் ஆண்டு ஜனவரி 13 முதல் பிப்ரவரி 8 வரை 27 நாட்கள் சிங்கப்பூரில் மழையே இல்லை. நீர்த்தேக்கங்களின் மட்டம் காக்கப் புதுநீரும் சுத்திகரித்த கடல்நீரும் கூடுதலாக வழங்கப்பட்டன. குழாய்கள் மூடப்படவில்லை, மக்கள் வரிசையில் நிற்கவில்லை. 1963க்கும் 2014க்கும் உள்ள வேறுபாடுதான் தற்சார்பின் பயன்.

எனினும், எல்லாம் நிறைவேறிவிட்டது என்று நாம் மகிழ்ந்திருக்க முடியாது. கடல்நீரிலிருந்து ஒரு கன மீட்டர் குடிநீர் எடுக்க ஏறத்தாழ 3.5 கிலோவாட் மணி மின்சாரம் செலவாகிறது. நம் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு, வெளிநாட்டிலிருந்து வாங்கும் இயற்கை எரிவாயுவிலிருந்து பிறக்கிறது. குமரப்பா கூறிய தேங்கிய வளம் அது. ஆக, நீருக்காக அண்டை நாட்டைச் சார்ந்திருப்பதைக் குறைத்த நாம், எரிவாயுவுக்காக வேறு நாடுகளைச் சார்ந்திருக்கிறோம். இதை உணர்ந்துதான் 2021இல் தெங்கே நீர்த்தேக்கத்தின் மேல் 45 ஹெக்டர் பரப்பில் மிதக்கும் சூரியசக்தித் தகடுகள் அமைக்கப்பட்டன. ஓடும் வளத்துக்குத் திரும்பும் நல்ல தொடக்கம் அது.

ஜோகூர் நீரும் நமக்கு இன்னும் தேவை. அங்குள்ள லிங்கியூ நீர்த்தேக்கம் 2016 அக்டோபரில் அதன் கொள்ளளவில் 20 விழுக்காட்டுக்குத் தாழ்ந்தபோது இரு கரைகளிலும் கவலை பரவியது. நாம் அங்கிருந்து நீர் எடுத்து, சுத்திகரித்த நீரில் ஒரு பகுதியை ஜோகூருக்கே திருப்பி வழங்குகிறோம். உணவிலும் இதே நிலைதான். நம் உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. 2030க்குள் 30 விழுக்காட்டு உணவை இங்கேயே விளைவிப்பது என்று 2019இல் வகுத்த இலக்கு 2025இல் கைவிடப்பட்டு, 2035ஐ நோக்கிப் புதிய இலக்குகள் அமைக்கப்பட்டன. தற்சார்பு என்பது அண்டை வீட்டாருடன் கதவைச் சாத்திக்கொள்வது அன்று; அவர்களுக்குப் பாரமாகாமல் வாழ்வதாகும். எவ்வளவு தொழில்நுட்பம் வந்தாலும், மிச்சப்படுத்திய நீரே மிக மலிவான நீர். அதற்கு எரிவாயு வேண்டாம், சவ்வு வேண்டாம், ஒப்பந்தமும் வேண்டாம்.

அன்னதானக் கூடத்தில் கற்ற பாடம்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திருவிழா நாளில் ஆலயம் ஒன்றின் அன்னதானத் தொண்டில் ஈடுபட்டிருந்தேன். பாத்திரம் கழுவும் இடத்தில் குழாயைத் திறந்து வைத்தபடி நண்பருடன் பேசிக்கொண்டிருந்தேன். காய்கறி நறுக்கிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் எழுந்து வந்து, ஒன்றும் பேசாமல் குழாயை மூடினார். பிறகு சொன்னார்: "தம்பி, அறுபத்து மூணுல ஒரு வாளித் தண்ணிக்காக எங்க கம்பத்துல ரெண்டு மணி நேரம் வரிசையில நின்னிருக்கேன். எனக்கு அப்போ கைக்குழந்தை வேற. தண்ணி ஓடுற சத்தம் கேட்டா இன்னமும் மனசு பொறுக்கல."

நான் வெட்கமடைந்தேன். அன்று மாலை குப்பைத் தொட்டிகளைப் பார்த்தபோது மேலும் வெட்கமாக இருந்தது. சோறும் கூட்டும் பாயசமும் தொட்டி தொட்டியாகக் கிடந்தன. அன்னதானம் செய்தோம் என்ற மனநிறைவுடன் வீடு திரும்ப முடியவில்லை. பசித்தவருக்கு இடுவதுதான் தானம். தட்டில் மிகுதியாகக் கொட்டிக் குப்பைக்கு அனுப்புவது அன்னலட்சுமிக்குச் செய்யும் மரியாதை ஆகுமா?

அடுத்த ஆண்டு சில மாற்றங்களைச் செய்தோம். ஓடும் குழாயின் கீழே கழுவாமல் மூன்று அண்டாக்களில் நீர் நிரப்பி, ஒன்றில் தேய்த்து, மற்ற இரண்டில் அலசினோம். முதலில் அளவாகப் பரிமாறி, கேட்டவர்களுக்கு மீண்டும் முகம் சுளிக்காமல் இட்டோம். குழந்தைகளுக்குச் சிறு அகப்பை வைத்தோம். மிஞ்சியதை உடனுக்குடன் பொட்டலம் கட்டி, தொண்டர்களுக்கும் வேண்டியவர்களுக்கும் கொடுத்தோம். ஒருவரும் பசியோடு போகவில்லை. நிரம்பிய குப்பைத் தொட்டிகள் பாதியாகக் குறைந்தன.

இது சிறு செயல்தான். ஆனால் நாட்டின் கணக்கை நோக்கினால் அதன் முக்கியத்துவம் புரியும். 2023இல் சிங்கப்பூரில் ஏறத்தாழ 7 லட்சத்து 55 ஆயிரம் டன் உணவுக் கழிவு சேர்ந்தது. அதில் ஐந்தில் ஒரு பங்குகூட மறுபயன்பாட்டுக்குச் செல்லவில்லை. எஞ்சியது எரிக்கப்பட்டு, சாம்பல் செமாக்காவ் தீவுக்குப் போகிறது. 1999இல் திறக்கப்பட்ட அந்த ஒரே நிரப்புநிலம் 2035ஆம் ஆண்டளவில் நிரம்பிவிடும் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. அதற்குப் பின் கொட்டுவதற்கு வேறு தீவு இல்லை.

ஆலயத்திலும் இல்லத்திலும் நாம் செய்யத்தக்கவை

முதலாவது, வடிகாலை நீர்த்தேக்கமாக எண்ணிப் பழகுதல். தீவின் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி என்று கண்டோம். வாசலில் உள்ள கால்வாயில் விழும் வாடிய மாலையும் விளக்கெண்ணெயும் கற்பூரச் சாம்பலும் கடைசியில் நாம் குடிக்கும் நீரை நோக்கியே செல்கின்றன. பூசைக்குப் பயன்பட்ட மலரைக் கால்வாயில் விடுவது புனிதம் என்று எண்ண வேண்டாம். அதை மண்ணில் இட்டு உரமாக்கினால், அடுத்த பூசைக்குரிய துளசிக்கு அதுவே உணவாகும்.

இரண்டாவது, அளவறிந்து அர்ப்பணித்தல். அபிஷேகத்துக்கு ஒரு குடம் பால் கொண்டுவருவதும் பத்துக் குடம் கொண்டுவருவதும் அவரவர் பக்தி. ஆனால் இறைவன் குடத்தின் அளவைப் பார்ப்பதில்லை என்பதை நம் பெரியோர்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். சிறிதளவு அபிஷேகத்துக்கு அளித்து, எஞ்சியதைப் பிரசாதமாகப் பசித்த வாய்க்குச் சேர்த்தால் பக்தியும் குறையாது, பாலும் வீணாகாது.

மூன்றாவது, இல்லத்தில் நீரைக் கணக்கிடுதல். 2003இல் வீடுகளில் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 165 லிட்டர் நீர் பயன்படுத்தினார். 2023இல் அது 141 லிட்டராகக் குறைந்தது. 2030க்குள் 130 லிட்டர் என்பது இலக்கு. வீட்டு நீரில் மிகப் பெரிய பங்கு குளியலுக்கே செலவாகிறது. மாதந்தோறும் வரும் பயனீட்டுக் கட்டணச் சீட்டில் நம் வீட்டுப் பயன்பாடு குறிக்கப்பட்டிருக்கும். பணத்தை மட்டும் பார்த்துவிட்டுச் சீட்டை மடித்து வைக்காமல், பிள்ளைகளை அருகில் அமர்த்தி அந்த எண்ணைப் படித்துக் காட்டலாம். அரிசி களைந்த நீரைச் செடிக்கு ஊற்றிய நம் பாட்டிமார்களுக்கு இதையெல்லாம் யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

நான்காவது, ஒரு தொட்டிச் செடியேனும் வளர்த்தல். அடுக்குமாடி வீட்டின் சன்னலோரத்தில் கறிவேப்பிலையும் கற்பூரவல்லியும் துளசியும் நன்றாக வளரும். அதனால் குடும்பத்தின் உணவுத் தேவை தீர்ந்துவிடாது. ஆனால் ஒரு கொத்து இலை விளைய எத்தனை நாள் ஆகும், எவ்வளவு நீர் வேண்டும் என்று தெரிந்துகொண்ட பிள்ளை, தட்டில் உள்ள கீரையை ஒதுக்கித் தள்ளாது.

கொடையாளர்களுக்கு ஒரு விண்ணப்பம்

அறக்கட்டளை என்ற அமைப்பின் அடிப்படையும் இதுவே. முதலைக் கரைக்காமல், அதன் வருவாயைக் கொண்டு ஆண்டுதோறும் தருமம் செய்வது அறக்கட்டளை. அன்று 96 ஆடுகள், இன்று வைப்புநிதி. ஆகவே நிலைத்த வாழ்வு பற்றி அறக்கட்டளையின் அன்பர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியது ஏதுமில்லை. பணத்துக்கு நாம் காட்டும் அதே கண்டிப்பை நீருக்கும் உணவுக்கும் மண்ணுக்கும் காட்ட வேண்டும் என்பதே விண்ணப்பம்.

கோபுரத்துக்கும் விமானத்துக்கும் மனமுவந்து வழங்கும் நாம், பெயர்ப்பலகையில் இடம்பெறாத பணிகளுக்கும் வழங்குவோமாக. மடைப்பள்ளியில் சிக்கனக் குழாய்கள், கூரை மழைநீரைச் சேமிக்கும் தொட்டி, மலர்களை உரமாக்கும் ஏற்பாடு, கூரையில் சூரியசக்தித் தகடுகள் ஆகியவற்றுக்குக் கொடுக்கும் கொடை, ஆண்டுதோறும் ஆலயத்தின் செலவைக் குறைத்து, அந்தப் பணத்தைக் கல்விக்கும் முதியோர் நலனுக்கும் திருப்பிவிடும். டான் கிம் செங்கின் கொடையிலிருந்து கற்ற பாடத்தையும் நினைவில் வைப்போம். கொடுத்ததோடு நில்லாமல், அது பயனாகிறதா என்று கேட்கும் உரிமையும் கடமையும் நமக்கு உண்டு.

நீர் இருக்கும் இடம் தேடி நாராயண பிள்ளை நட்ட ஆலயம் இருநூறு ஆண்டுகளாக நிலைத்து நிற்கிறது. இன்னும் இருநூறு ஆண்டுகள் கழித்து அங்கு வந்து வணங்கப் போகும் பிள்ளைகளின் முகம் நமக்குத் தெரியாது. ஆயினும் அவர்களுக்கு உரிய மந்தை நம் கையில்தான் இருக்கிறது. நெய்யை நாம் எடுத்துக்கொள்வோம். மந்தையைக் குறையாமல் ஒப்படைப்போம். மாரியம்மையின் அருளால் மழை பொழிக, மண் செழிக்க, எல்லா உயிரும் இன்புற்று வாழ்க!